சேர்வராயன் மலையடிச் சாலைகளும் அதிவிரைவுத் தரமும்: கருத்தரங்கத் தலைமை உரை

சாலைக்குள் எங்கே நுழையலாம், எங்கே வெளியேறலாம் என்ற கட்டுப்பாட்டில்தான் அதிவிரைவுச் சாலை தொடங்குகிறது. அகலம் அதற்கு அடுத்தது. இருபுறமும் வேலி, குறுக்கிடும் சாலைகளுக்கு மேம்பாலமோ சுரங்கப்பாதையோ, குறித்த இடங்களில் மட்டும் ஏறி இறங்கும் வழி. டூவீலருக்கும் டிராக்டருக்கும் உள்ளே இடமில்லை. புதுத்தடத்தில் இவற்றை அமைப்பது எளிது. ஊரும் கடையும் தோப்பும் ஒட்டி வளர்ந்துவிட்ட பழைய சாலையை இந்தத் தரத்துக்கு உயர்த்துவதே கடினம்.

சேர்வராயன் மலையை ஒட்டிச் சேலத்திலிருந்து மூன்று பெருவழிகள் செல்கின்றன: மேற்கே பெங்களூரு நெடுஞ்சாலை, கிழக்கே மஞ்சவாடிக் கணவாய் வழியாக அரூர் சாலை, தெற்கே உளுந்தூர்பேட்டை சாலை.

பெங்களூரு சாலை நான்கு வழியான பிறகும் தொப்பூர் கணவாயில் விபத்துகள் ஓயவில்லை. பழைய தடத்தின் சரிவும் வளைவும் பெருமளவு அப்படியே தங்கிவிட்டதுதான் காரணம். டீசலை மிச்சப்படுத்த நியூட்ரலில் இறங்கும் லாரிக்கு எஞ்சினின் பிடிப்பு கிடைப்பதில்லை. முழுப் பாரமும் பிரேக் மேல் விழ, அது சூடேறிக் கைவிட்டுவிடுகிறது. மணிக்கு 120 கி.மீ. வேகத்துக்கு வளைவின் ஆரம் ஏறத்தாழ 670 மீட்டர் இருக்க வேண்டும். பிரேக் பிடித்து நிற்க 250 மீட்டர் தூரம் தெளிவாகத் தெரிய வேண்டும். தார் போட்டு அகலப்படுத்துவதால் இவை கிடைத்துவிடா. தொப்பூரில் உயர்மட்டச் சாலையுடன் தடத்தையே மாற்றும் திட்டம் வந்தது இதனால்தான்.

136 கி.மீ. நீளமுள்ள உளுந்தூர்பேட்டை சாலை காட்டும் குறை வேறு வகை. சாலை நான்கு வழி. ஊர்களைச் சுற்றிய புறவழிச்சாலைகளோ பல ஆண்டுகள் இருவழியாகவே இருந்தன. நடுத்தடுப்பை நம்பி வேகமெடுத்த ஓட்டுநருக்கு எதிரே திடீரென ஹெட்லைட் வந்தது. நேருக்கு நேர் மோதல்கள் நடந்தன. தரம் வழி நெடுகிலும் ஒன்றாக இல்லாவிட்டால் அகலமே ஆபத்தாகிறது.

2018இல் சுமார் 10,000 கோடி ரூபாயில் 277 கி.மீ. சேலம்–சென்னை எட்டு வழிச்சாலை அறிவிக்கப்பட்டபோது, இருக்கும் சாலைகளை மேம்படுத்தினால் போதாதா என்று நிலம் இழக்கவிருந்தவர்கள் கேட்டனர். நிலம் கையகப்படுத்தும் அறிவிக்கைகளைச் சென்னை உயர்நீதிமன்றம் 2019 ஏப்ரல் 8இல் ரத்து செய்தது. உச்சநீதிமன்றம் 2020 டிசம்பர் 8இல் அவற்றை ஏற்றது. சட்டக் கேள்விக்கு விடை கிடைத்தது. மக்கள் எழுப்பிய பொறியியல் கேள்விக்கு ஊரறிய ஒரு விடை கிடைத்திருக்க வேண்டும்.

மேம்பாட்டுக்கும் விலை உண்டு. உளுந்தூர்பேட்டை சாலையில் வாழப்பாடிப் பக்கம் பாக்குத் தோப்பு ஒருபுறமும் கிணறு மறுபுறமும் இருந்தால், வேலி வந்த நாள்முதல் விவசாயி சில கிலோமீட்டர் சுற்ற நேரிடும். ஆகவே சர்வீஸ் ரோடும் சுரங்கப்பாதைகளும் முதலில் முடிய வேண்டும். பிரதான சாலையில் வேலை நடக்கையில் ஊர்ப் போக்குவரத்தைத் தாங்குவதும் அதே சர்வீஸ் ரோடுதான்.

20 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட ஏற்காடு மலைப்பாதை இந்தக் கணக்கில் சேராது. கொண்டை ஊசி வளைவுக்கு விதிப்படி வேண்டிய உள் ஆரம் 14 மீட்டர், வேகம் மணிக்கு 20 கி.மீ. 2024 டிசம்பர் மழையில் அப்பாதையில் மண் சரிந்தது. அங்கே செலவிட வேண்டியது வடிகாலுக்கும் தடுப்புச்சுவருக்கும்.