எலியின் குடலுக்கு மணி தெரியும்



எலி ராத்திரியில்தான் இரை தேடும். எலித்தொல்லை உள்ள வீட்டுக்காரர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். ஆனால் அந்த ராச்சாப்பாட்டுக்கு அதன் சிறுகுடல் பொழுது சாயுமுன்பே தயாராகத் தொடங்கிவிடுகிறது என்பது பலருக்குத் தெரியாது.

சிறுகுடலின் உட்சுவரை உருப்பெருக்கியில் பார்த்தால் விரல் விரலாக நீட்டிக்கொண்டிருக்கும். குடலுறிஞ்சிகள் என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். ஒவ்வொன்றின் உயரமும் ஒரு மில்லிமீட்டர்கூட வராது. அவற்றின் அடியிலுள்ள நுண்ணிய குழிகளில்தான் புதிய செல்கள் பிறக்கின்றன. பிறந்தவை மெல்ல மேலேறி, நுனியை எட்டியதும் உதிர்ந்துவிடும். சுண்டெலியில் 3 முதல் 5 நாளில் இந்தப் போர்வை முழுக்கப் புதிதாகிவிடும். இந்தச் செல் பிறப்பும் நாள் முழுக்க ஒரே வேகத்தில் நடப்பதில்லை. சில மணி நேரம் மும்முரம், சில மணி நேரம் மந்தம்.

அதே செல்களின் மேற்பரப்பில் சர்க்கரையை உடைக்கும் சுக்ரேஸ், மால்டேஸ் போன்ற நொதிகள் இருக்கின்றன. பந்திக்கு ஆள் வருமுன்பே இலை போட்டு வைப்பதுபோல, எலி வாய் வைக்குமுன்பே இவற்றின் அளவு ஏறிவிடுகிறது. 1970களில் ஜப்பானிய ஆய்வாளர்கள் எலிகளுக்குப் பகலில் மட்டும் தீனி போட்டுப் பார்த்தார்கள். சில நாளில் நொதிகளின் ஏற்ற இறக்கமும் பகலுக்கு மாறிக்கொண்டது. மூளையிலுள்ள தலைமைக் கடிகாரமோ அப்படி இலேசில் அசையாது. அது வெளிச்சத்துக்குத்தான் கட்டுப்படும். குடலுக்குச் சாப்பாட்டு நேரமே பெரிது.

இதில் எனக்கு மிகவும் பிடித்த சாட்சி, எலியின் சிறுகுடலில் குடியிருக்கும் ஒரு நாடாப்புழு. அதற்கு வாயுமில்லை, குடலுமில்லை. தோல் வழியாகவே சத்தை உறிஞ்சுகிறது. எலி இரவெல்லாம் தின்று முடித்த காலையில் புழு இரைப்பைப் பக்கமாக முன்னே வந்திருக்கும். பிற்பகலில் பின்னுக்கு நகர்ந்துவிடும். தினமும் இந்தப் போக்குவரத்து உண்டு. எலியின் சாப்பாட்டைப் பகலுக்கு மாற்றினால் புழுவும் தன் பயண நேரத்தை அப்படியே திருப்பிக்கொள்கிறது. சூரியனையே காணாத பிராணி, வீட்டுக்காரர் உண்ணும் வேளையை வைத்தே நாளைக் கணக்குப் பண்ணிக்கொள்கிறது!