ஒரு சதவீதத்தின் வேலை

நுரையீரலின் காற்று நுண்ணறைகளுக்குள் ஈரம் உண்டு. ஈரம் இருந்தால் பரப்பு இழுவிசையும் உண்டு. உடல் வெப்பத்தில் தூய நீருக்கு அது மீட்டருக்குச் சுமார் 70 மில்லிநியூட்டன். அதை அப்படியே விட்டால் மூச்சு வெளியேறும்போது நுண்ணறைகள் மூடிக்கொள்ளும். நீரின்மேல் படரும் சர்ஃபக்டன்ட் படலம் மூச்சின் இறுதியில் அந்த விசையை ஏறக்குறையச் சுழிக்கு இறக்கிவிடுகிறது. மூச்சுத்திணறி இறக்கும் குறைமாதக் குழந்தைகளின் நுரையீரலில் இந்தப் பொருள் போதிய அளவு இல்லை என்பதை 1959-இல் மேரி எல்லன் ஏவரியும் ஜியர் மீடும் காட்டினார்கள். படலத்தின் எடையில் சுமார் 90 சதவீதம் கொழுப்பு; அதில் முதலிடம் டிபிபிசி என்னும் பாஸ்போலிப்பிடுக்கு. எஸ்பி-பி என்ற புரதமோ ஒரு சதவீத அளவுதான். எடையைக் கொண்டு பங்கை மதிப்பது தராசுக்காரர் வழக்கம். ஆய்வுலகமும் வெகுகாலம் அப்படித்தான் மதித்தது. அமுக்கத்தைத் தாங்குவது கொழுப்புதான். ஆனால் அது உரிய நேரத்தில் பரப்பில் வந்து நிற்பது புரதத்தால் என்பதே என் வாதம்.

1960-களில் டிபிபிசியை மட்டும் தூவலாகக் குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். எதிர்பார்த்த பலன் இல்லை. காரணம் அதன் பலத்திலேயே இருக்கிறது. தூய டிபிபிசி இளகுவது 41 டிகிரியில். உடல் வெப்பமோ 37. ஆகவே அதன் மூலக்கூறுகள் விறைப்பாக நெருங்கி நின்று அமுக்கத்தைத் தாங்குகின்றன. அதே விறைப்பால் நீருக்குள்ளிருந்து மேலேறிப் பரவ அவற்றுக்கு நேரமாகிறது. பிறந்த குழந்தையோ நிமிடத்துக்கு நாற்பது முறைக்கு மேல் மூச்சு விடுகிறது. இளகிய கொழுப்புகளைச் சேர்த்தால் வேகம் கூடும், உறுதி குறையும். இந்த முரணைத் தீர்ப்பவை நீர் வெறுக்கும் இரண்டு புரதங்கள். 79 அமினோ அமிலங்கள் கொண்ட எஸ்பி-பி, தன் நேர்மின்சுமையால் எதிர்மின்சுமையுள்ள பாஸ்படிடைல்கிளிசரால் என்ற கொழுப்பைப் பற்றிக்கொண்டு, அருகருகே உள்ள கொழுப்பு அடுக்குகளை இணைத்து, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மூலக்கூறுகள் கடக்க வழிசெய்கிறது. 35 அமினோ அமிலங்களே உள்ள எஸ்பி-சி, வாலின் நிறைந்த சுருளாகக் கொழுப்பு அடுக்கை ஊடுருவி நிற்கிறது. இவற்றால், படலம் சுருங்கும்போது வெளியே தள்ளப்படும் கொழுப்பு நீரோடு போய்விடாமல் பரப்பை ஒட்டியே அடுக்காகத் தங்கி, விரியும்போது திரும்பிவருகிறது. 1980-இல் புஜிவாரா குழுவினர் மாட்டு நுரையீரல் சாற்றை அடிப்படையாகக் கொண்ட மருந்தைக் கொடுத்தபோது பத்துக் குழந்தைகள் தேறினர். அந்தச் சாற்றில் கொழுப்போடு இவ்விரு புரதங்களும் வந்திருந்தன.

புரதமே இல்லாத எக்ஸோசர்ஃப் என்ற மருந்து 1990-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்று உயிர்களைக் காத்ததே என்று கேட்கலாம். காத்தது உண்மை. ஆனால் அதில் டிபிபிசி தனியாக இல்லை. பரவுவதற்கென்றே ஹெக்ஸாடெகனாலும் டைலாக்ஸபாலும் சேர்க்கப்பட்டிருந்தன. புரதத்தின் இடம் காலியாக விடப்படவில்லை, வேறு ஆள் அமர்த்தப்பட்டார். பின்னர் நேருக்கு நேர் ஒப்பிட்ட சோதனைகளில் விலங்குச் சாறுகளே முந்தின.

இதைவிடக் கூர்மையான மறுப்பு ஒன்று உண்டு. எஸ்பி-பி மரபணு பழுதுபட்ட குழந்தைகள் மாற்று நுரையீரல் இல்லாமல் பிழைப்பதில்லை. ஆனால் அவர்களுடைய செல்களுக்குள் சர்ஃபக்டன்டைச் சேமிக்கும் அடுக்குறுப்புகளே ஒழுங்காக உருவாவதில்லை. எஸ்பி-சியின் முதிர்ச்சியும் கெடுகிறது. அப்படியானால் பழுது படலத்திலா, செல்லிலா? இதற்கு விடை 1991-இல் முயல்களிடம் கிடைத்தது. எஸ்பி-பியைப் பற்றிக்கொள்ளும் எதிர்ப்புப் புரதத்தைப் பிறந்த முயல்களின் மூச்சுக்குழலுக்குள் செலுத்தியதும் மூச்சு செயலிழந்தது. அவற்றின் செல்களில் மரபணுப் பழுது ஏதுமில்லை. தடுக்கப்பட்டது வெளியே, படலத்தில் இருந்த புரதம்.

எஸ்பி-சி இல்லாத எலிகள் பிறந்து வாழ்கின்றன என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. நோய் அவற்றுக்குப் பின்னரே வருகிறது. எனவே இரு புரதங்களையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. வேகமாக அமுக்கினால் இளகிய கொழுப்புப் படலமும் உடையாமல் நிற்கிறது என்ற ஆய்வக முடிவையும் ஏற்கிறேன். அது உருவாகிவிட்ட படலத்தின் உறுதியைப் பற்றியது. முதல் மூச்சில் அந்தப் படலம் உருவாவதற்கு எஸ்பி-பி வேண்டும். செயற்கை மருந்து செய்வோர் கொழுப்பின் விகிதத்தோடு நிற்காமல் எஸ்பி-பி போன்ற பெப்டைடுகளைத் தேடிப்போனதும் அதனால்தான்.