ஊர்ச் செய்தி எழுதுவோன் கடமை

(நம் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில், பொட்டிப்புரத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நாற்பதாண்டுகளுக்கு மேலாகப் பிறர் பேசக் கேட்டுக் குறித்தெழுதியே காலங்கழித்த எம்மை, இன்று மேடையேறிப் பேசுமாறு காரியதரிசியவர்கள் பணித்துள்ளார்கள். எமது தொழிலில் யாம் கண்டவற்றுள், நம் சமூகத்தாருக்குப் பயன்படத்தக்க சிலவற்றைச் சுருங்கக் கூறுவோம்.

யாம் இத்தொழிலிற் புகுந்த காலத்தில் தேனி என்றொரு ஜில்லா இல்லை. 1996-ஆம் ஆண்டில் மதுரையினின்றும் பிரிக்கப்படும்வரை, கம்பம் பள்ளத்தாக்கில் நிகழ்ந்தன யாவும் மதுரை ஜில்லாச் செய்திகளாகவே வெளிவந்தன. எழுதிய தாள்களை உறையிலிட்டு மாலைப் பஸ்ஸின் கண்டக்டரிடம் கொடுத்தனுப்புவோம். அவசரமாயின் தபாலாபீசுக்கு ஓடித் தந்தி கொடுப்போம். ஆண்டிபட்டிக் கணவாயில் பஸ் பழுதுற்று நின்றுவிட்டால் எமது செய்தியும் அங்கேயே நின்றுவிடும். ஊதியமோ அச்சேறிய அளவுக்கேற்ற சிறு தொகை. குடும்பம் நடந்தது எமது புஞ்சை நிலத்தாலும் இல்லாளின் உழைப்பாலுமேயாம்.

எனினும் அத்தொழிலில் ஒரு பெருமை இருந்தது. 1942-இல் சி. பா. ஆதித்தனார் மதுரையில் தொடங்கிய தினத்தந்தி போன்ற பத்திரிகைகள், தம் எளிய நடையால் தேநீர்க் கடைதோறும் வாசகரை உண்டாக்கிவிட்டன. ஒருவர் உரக்கப் படிப்பார். பத்துப்பேர் சூழ்ந்திருந்து கேட்பர். யாம் எழுதிய வரியைக் கேட்டவரே மறுநாள் சந்தையில் எம்மை எதிர்ப்பட்டு, "அன்று அங்கே நானும் இருந்தேன், ஐயா" என்பார். ஊரில் வாழ்ந்துகொண்டே ஊரைப்பற்றி எழுதுவோனுக்கு இதனினும் கடுமையான நீதிபதி வேறில்லை.

நிற்க. ஜாதிச் சங்கமொன்றின் மேடையில் நின்றுகொண்டு ஒரு நிகழ்ச்சியைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. 1989-ஆம் வருஷம் போடியிலும் சுற்றூர்களிலும் ஜாதிக் கலகம் மூண்டது. உயிர்கள் மாய்ந்தன, வீடுகள் எரிந்தன. அந்நாட்களில் எமக்கு வேண்டியவர் பலர் வந்து, "நம்மவர் பட்ட துயரை மட்டும் எழுதுங்கள்; மற்றவர் கதை நமக்கெதற்கு?" என்றனர். யாம் இருதரப்பார் தெருக்களிலும் நடந்தோம். எரிந்த வீடு எவருடையது, இறந்தவர் பெயர் யாது, வயதென்ன என்று கேட்டுக் கேட்டு ஒரே குறிப்பேட்டில் எழுதினோம். அதன் பயனாகச் சில காலம் எம் வீட்டுக்கு விசேஷ அழைப்புகள் வாராதொழிந்தன. பின்னர் நிவாரண மனு எழுத முற்பட்டபோது, இருதரப்பாரும் தேடிவந்தது அந்தக் குறிப்பேட்டையே. ஒரு பக்கத்தை மட்டும் எழுதியிருந்தால் அதனை எவரும் நம்பியிரார்; நம்மவரும் அதனாற் பயன்பெற்றிரார்.

2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு அணை குறித்த கிளர்ச்சி எழுந்தது. 1895-இல் பென்னிகுயிக் கட்டிமுடித்த அவ்வணையின் நீரே இப்பள்ளத்தாக்கின் நெல்வயல்களுக்கு உயிர். ஜனங்கள் பதினாயிரக்கணக்கில் குமுளி நோக்கித் திரண்டனர். மலைமேல் ஏலத்தோட்டங்களிற் கூலிவேலை செய்த நம் பெண்மக்கள் அஞ்சி இறங்கிவந்தனர். அவர்கள் பட்ட துன்பம் மெய். ஆயினும் அதன்மேல் நாழிகைக்கொரு வதந்தி ஏறிற்று. யாம் இறங்கிவந்தவர்களையே கண்டு, கண்டது யாது, கேட்டது யாது எனப் பிரித்து வினவினோம். கேட்டதைக் கண்டதாக எழுதியிருப்பின், மறுநாள் எத்தனை கடைகள் தீப்பட்டிருக்குமோ!

இனி, இவ்வூர்ச் செய்திக்கே வருவோம். 2015 ஜனவரியில், ஏறக்குறைய 1,500 கோடி ரூபாய் செலவில் இம்மலையைக் குடைந்து நியூட்ரினோ ஆய்வுக்கூடம் அமைக்க மத்திய மந்திரிசபை இசைந்தது. இரண்டு கிலோமீட்டர் நீளமுள்ள சுரங்கத்தின் முடிவில், 50,000 டன் இரும்பாலான காந்தக் கருவி நிறுத்துவது திட்டம். உடனே, இங்கு அணுகுண்டுச் சாலை வரப்போகிறது என்றொரு பேச்சுப் பரவிற்று. நியூட்ரான் வேறு, நியூட்ரினோ வேறு. சூரியனினின்றும் வரும் நியூட்ரினோக்கள் நம் கட்டைவிரல் நகமளவு இடத்தின் வழியே வினாடிக்கு ஏறக்குறைய 6,500 கோடி கடந்து செல்கின்றன. அவற்றால் நமக்கு யாதொரு தீங்குமில்லை. 1965-இலேயே கோலார் தங்கச் சுரங்கத்தில் நம் நாட்டார் இவ்வாராய்ச்சி நிகழ்த்தியுள்ளனர். மற்றக் கதிர்களைத் தடுத்து நிறுத்தவே மேலே பெரும்பாறை வேண்டப்படுகிறது. இதனை யாம் எழுதியபோது, "நீரும் அவர்கள் பக்கமோ?" எனச் சிலர் சினந்தனர்.

ஆனால் ஜனங்களின் அச்சம் முழுதும் வெறும் வதந்தியன்று. பாறையை வெடிவைத்துத் தகர்த்தால் எழும் புழுதி, லாரிகளின் ஓட்டம், நீரின் தேவை, மதிகெட்டான் சோலைக்கும் பெரியாற்றுக் காட்டுக்கும் இடையே புலிகள் நடமாடும் வழி என்பன நியாயமான கேள்விகளே. ஆடு மேய்க்கும் மூதாட்டியொருத்தி எம்மிடம், "மலைக்குள்ளே எதை வேணும்னாலும் தேடட்டும்யா, என் ஆடு எங்கே போய் மேயும்?" என்றாள். யாம் கேட்ட மேடைப் பேச்சுக்களில் இக்கேள்விக்கு விடையில்லை. அதனையும் அவ்வண்ணமே எழுதினோம். இம்முறை மற்றொரு சாரார் சினந்தனர்.

2015 மார்ச்சில் வைகோ தொடுத்த வழக்கில், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதியின்றி வேலை தொடங்கலாகாதென மதுரை ஹைகோர்ட்டுக் கிளை ஆணையிட்டது. 2022-இல் தமிழக அரசு, இத்திட்டத்துக்கு இசையமாட்டோமெனச் சுப்ரீம் கோர்ட்டில் தெரிவித்தது. அறிவியலுக்கு இஃது இழப்பென்பாரும், மலைக்கு இது காப்பென்பாரும் நம்முள்ளேயே உளர். எவ்வாறாயினும், மெய்யான கேள்விகளே சட்டத்தின் முன் நின்றன. அணுகுண்டு வதந்தி நிற்கவில்லை என்பதை இளைஞர்கள் மனத்திற் பதித்துக்கொள்ளல் வேண்டும்.

முடிவாகச் சங்கத்தாருக்கு மூன்று விண்ணப்பங்கள். முதலாவது, கைப்பேசியில் வரும் செய்தியைப் பிறருக்கு அனுப்புமுன், கண்டவர் யாரெனக் கேளுங்கள். கண்டவர் இல்லையேல் அனுப்பாதீர்கள். இரண்டாவது, நம் பள்ளத்தாக்கின் பழம் பத்திரிகைத் தாள்களையும், முதியோர் சொல்லும் வரலாற்றையும் தொகுத்துவைக்கச் சங்கக் கட்டிடத்தில் ஓர் அலமாரியேனும் ஒதுக்குங்கள். கரையான் தின்றபின் வருந்திப் பயனில்லை. மூன்றாவது, நம்மவர் பெற்ற பட்டங்களையும் பதவிகளையும் அச்சிடும் இச்சஞ்சிகை, நம்மவர் பிறருக்கிழைக்கும் தவறு நேரும்போது அதனையும் எழுதும் துணிவுடையதாகுக. தன் குறையைத் தானே கூறும் சமூகத்தின் சொல்லையே, அதற்கு ஓர் அநீதி நேரும் நாளில் பிறரும் நம்புவர்.