மாலைப் பொழுது யாருக்குச் சொந்தம்?

(புதுக்கோட்டை வட்டாரத்தில் மாலை வகுப்பு நடத்தும் வாலிபர்கள், மாதர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரையிலிருந்து)



சாயங்காலம் பள்ளிக்கூட மணி அடித்த பிறகு ஏழைப் பிள்ளையின் பொழுது யாருக்குச் சொந்தம்? இதுதான் இன்று நம்முன் உள்ள பிரச்னை. வசதி படைத்தவர் வீட்டுப் பிள்ளைக்கு இந்தக் கேள்வியே எழுவதில்லை. அவனுக்கு டியூஷன் உண்டு, பாட்டு வாத்தியார் உண்டு, சிலம்பமோ கராத்தேயோ உண்டு. நம் பிள்ளை வீட்டுக்கு வந்து பையைக் கழற்றுவதற்குள் வேலை காத்திருக்கிறது. ஆட்டைப் பிடித்துக் கட்ட வேண்டும். குடம் தூக்க வேண்டும். தம்பியை இடுப்பில் சுமக்க வேண்டும். கீரமங்கலம் பக்கமானால் பூக்கட்ட உட்கார வேண்டும். ஆதனக்கோட்டைப் பக்கம் முந்திரி வறுத்து உடைக்கிற குடும்பமென்றால் அங்கும் ஒரு கை வேண்டியிருக்கிறது. முந்திரி ஓட்டின் பால் பட்டால் தோல் பொசுங்கும் என்பது உடைப்பவர்களுக்குத்தான் தெரியும். பெண் பிள்ளையானால் கேட்கவே வேண்டாம், அடுப்படி இருக்கிறது.

இந்தப் பொழுதுக்கு ஒரு சரித்திரம் உண்டு. 1953-ல் ராஜாஜி சர்க்கார் கிராமப் பள்ளிகளுக்கு ஒரு புதிய ஆரம்பக் கல்வித் திட்டம் கொண்டுவந்தது. பிள்ளைக்கு நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் பள்ளிக்கூடம் போதும். மிச்ச நேரத்தில் அப்பன் செய்யும் தொழிலைப் பிள்ளையும் பழக வேண்டும் என்றது அத்திட்டம். வெட்டியான் மகன் வெட்டியான், சிரைப்பவர் மகன் சிரைப்பவர்! குலக்கல்வி என்று பெயர் சூட்டி ஜனங்கள் கொதித்தெழுந்தார்கள். திராவிட இயக்கத்தாரும் கம்யூனிஸ்டுகளும் எதிர்த்தார்கள். 1954-ல் காமராஜர் முதன்மந்திரியானதும் திட்டம் கைவிடப்பட்டது. உத்தரவு போயிற்று. ஆனால் வறுமை போகவில்லை. உத்தரவு எதுவும் இல்லாமலே அதே வேலையை வறுமை செய்துகொண்டிருக்கிறது. பள்ளி மணிக்குப் பிறகு குலத்தொழில் தானாகவே வந்து பிள்ளையின் கையைப் பிடித்துக்கொள்கிறது.

மாலை வகுப்பு என்பது இந்தப் பிடியைத் தளர்த்துகிற வேலை. இந்த ஜில்லாவுக்கு அது புதிதல்ல. 1991-ல் இங்கே அறிவொளி இயக்கம் துவங்கியது. ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தார். அறிவியல் இயக்கத்தார், ஆசிரியர்கள், எழுத்தாளர்கள், வேலை கிடைக்காத வாலிபர்கள் எல்லோரும் இறங்கினார்கள். முதலில் போனது எழுத்தல்ல, பாட்டு. கலைக்குழு ஊருக்குள் வந்து மத்தளம் கொட்டி நாடகம் போட்டது. கூட்டம் சேர்ந்தது. அதன் பிறகுதான் கரும்பலகை. காட்டு வேலை, கல் வேலை முடித்து வந்தவர்கள் அந்தி சாய்ந்த பிறகு உட்கார்ந்து எழுதினார்கள். கூடவே சைக்கிள் பழகினார்கள். 1992 மகளிர் தினத்தன்று 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் கொடி கட்டிய சைக்கிள்களில் மணியடித்துக்கொண்டு புதுக்கோட்டை வீதிகளில் வந்த காட்சியைப் பத்திரிகையாளர் சாய்நாத் எழுதியிருக்கிறார். கேலி பேசியவர்கள் பலர். பேசட்டும் என்று பெண்கள் மிதித்தார்கள். குடுமியான்மலைப் பக்கத்தில் கல்லுடைத்த பெண்கள், குவாரியைத் தாங்களே குத்தகைக்கு எடுக்கும் நிலைக்கு வந்தார்கள். எழுத்துக்கூட்டப் படித்தவர்கள் கூலிக் கணக்கையும் கூட்டிப் பார்த்தால் வேறென்ன நடக்கும்?

இனி அண்மைக் காலத்துக்கு வருவோம். கொரோனாவால் 2020 மார்ச்சில் பூட்டிய பள்ளிகள், முதல் வகுப்பிலிருந்து எட்டு வரையுள்ள பிள்ளைகளுக்கு 2021 நவம்பர் 1-ல்தான் திறந்தன. பத்தொன்பது மாதங்கள்! போன் இருந்த வீட்டுப் பிள்ளை போனில் படித்தது. இல்லாத வீட்டுப் பிள்ளை ஆட்டோடு போயிற்று. இந்த இழப்பை ஈடுகட்ட 2021 அக்டோபர் 27-ல் விழுப்புரம் ஜில்லா முதலியார்குப்பத்தில் ‘இல்லம் தேடிக் கல்வி’ துவக்கிவைக்கப்பட்டது. மாலை ஐந்திலிருந்து ஏழுக்குள் வகுப்பு. தன்னார்வலருக்கு மாதம் ஆயிரம் ரூபாய். நாள் கணக்குப் போட்டால் முப்பத்துமூன்று ரூபாய்ச் சொச்சம்! வந்தவர்களில் பெரும்பாலோர் நம் ஊர்ப் பெண்கள். படித்துவிட்டு வீட்டோடு இருந்தவர்கள். தன் வாசல் திண்ணையையே பள்ளிக்கூடமாக்கினார்கள். அவர்களை நாம் மனதாரப் பாராட்டுகிறோம்.

ஆனால் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். திண்ணை வகுப்பு பள்ளிக்கூடத்துக்குத் துணையாகலாம், பதிலாக முடியாது. ஐந்து வகுப்புக்கு இரண்டு ஆசிரியர்கள் இருக்கும் பள்ளிகள் எத்தனை என்பது உங்களுக்கே தெரியும். ஒருவர் கூட்டத்துக்குப் போய்விட்டால் மற்றவர் ஐந்து வகுப்பையும் மேய்க்க வேண்டும். 2020-ல் மத்திய சர்க்கார் கொண்டுவந்த தேசியக் கல்விக் கொள்கையும் தொண்டர்களைக் கொண்டு கற்பிப்பதைப் பெரிதாகப் பேசுகிறது. எதற்கு? ஆசிரியர் நியமனத்தைத் தட்டிக்கழிக்க இது வழி திறந்துவிடுகிறது. ஆகவே தொண்டர் வேலையும் செய்வோம், ஆசிரியர் வேண்டுமென்ற கோரிக்கையையும் விடமாட்டோம்.

சரி, வகுப்பில் என்ன செய்வது? காலையில் போட்ட கணக்கையே மாலையிலும் போடச் சொன்னால் பிள்ளை இரண்டாம் நாள் வராது. இதில் நம் தோழர்கள் சிலருக்கே கருத்து வேற்றுமை உண்டு. ‘ஆட்டம் பாட்டத்தால் என்ன பிரயோஜனம், நாலு வாய்ப்பாடு படித்தாலாவது நல்லது’ என்கிறார்கள். அவர்களுக்கு ஒரு கிராமத்து வகுப்பில் நாங்கள் பார்த்ததைச் சொல்லுகிறோம்.

பிள்ளைகள் தாங்களே ஒரு நாடகம் போட்டார்கள். கதை என்ன தெரியுமா? குழுக் கடன் வசூல்காரர் வருகிறார். அம்மா கதவுக்குப் பின்னால் ஒளிகிறாள். வாசலில் நிற்கும் பெண் பிள்ளை, ‘அம்மா ஊருக்குப் போயிருக்கு’ என்கிறது. ‘எப்ப வரும்?’ என்றால் பிள்ளை உள்ளே திரும்பி, ‘அம்மா, எப்ப வருவே?’ என்று கேட்கிறது. சிரிப்பு அடங்க நேரமாயிற்று. பார்த்துக்கொண்டிருந்த தாய்மார்கள் மட்டும் பாதியிலேயே சிரிப்பை நிறுத்திவிட்டார்கள். வகுப்பு நடத்திய பெண் கெட்டிக்காரி. நாடகம் முடிந்ததும் சிலேட்டை எடுக்கச் சொன்னார். இருபதாயிரம் வாங்கி, வாரம் ஐந்நூறு வீதம் ஐம்பது வாரம் கட்டினால் எவ்வளவு? இருபத்தையாயிரம். பள்ளிக்கூடத்தில் வாய் திறக்காது என்று பெயர் வாங்கிய பிள்ளைதான் முதலில் கேட்டது: ‘மிச்சம் ஐயாயிரம் யாருக்கு அக்கா?’

வாய்ப்பாடு வந்ததா இல்லையா? கலை என்றால் பாடத்துக்கு நடுவே கொடுக்கும் மிட்டாய் அல்ல. தன் வீட்டில் நடப்பதைத் தானே எட்டி நின்று பார்க்கப் பிள்ளைக்கு அது ஒரு கண் கொடுக்கிறது. கேரளத்தில் பாலசங்கம் கோடை விடுமுறையில் ‘வேனல் தும்பிகள்’ என்று பிள்ளைகளின் கலைக்குழுக்களையே ஊர் ஊராக அனுப்புகிறது. நம்மால் ஏன் முடியாது? சித்தன்னவாசல் குகையின் தாமரைக் குளத்தைப் பார்க்க எங்கிருந்தெல்லாமோ வருகிறார்கள். சுற்றுவட்டாரப் பிள்ளைகளை அங்கே அழைத்துப் போய், ‘இது உன் ஊர்ச் சித்திரம், நீயும் வரை’ என்று கையில் சுண்ணாம்புக்கட்டி கொடுத்தால் என்ன?

அடுத்தது இடம். இதுதான் மிகக் கடினமான விஷயம். வகுப்பைக் கோயில் மண்டபத்தில் வைத்தால் சேரிப் பிள்ளை படியேறாது, ஏறவிடவும் மாட்டார்கள். சேரியில் வைத்தால் ஊர்ப் பிள்ளையை அனுப்பமாட்டார்கள். பறையைக் கையில் எடுத்தால் ‘அது அவங்க அடிக்கிறது’ என்று பத்து வயதுப் பிள்ளையே சொல்லுகிறது. யார் சொல்லிக்கொடுத்தது? இதே ஜில்லாவில், வேங்கைவயலில், 2022 டிசம்பரில் தாழ்த்தப்பட்ட மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்திருந்த கொடுமை, பிள்ளைகள் நோயில் விழுந்த பிறகே வெளியே வந்தது. இதை மறந்துவிட்டு நாம் பாட்டும் கூத்தும் பேச முடியாது. நமக்குப் பக்கத்தில் சிராவயலில் 1920-களில் தோழர் ஜீவா ஆசிரமம் நடத்தித் தாழ்த்தப்பட்ட பிள்ளைகளுக்குப் படிப்புச் சொன்னார். ஊர்ப் பெரிய மனிதர்கள் மெச்சிக்கொள்வார்கள் என்று எண்ணியா அதைச் செய்தார்?

ஆகவே இடம் பொது இடமாகத்தான் இருக்க வேண்டும். பள்ளிக்கூடக் கட்டிடம், ஊராட்சி நூலகம், சேவை மையக் கட்டிடம் இவற்றில் ஏதாவதொன்று. எல்லாத் தெருப் பிள்ளைகளும் ஒரே பாயில் உட்கார வேண்டும். பறை எல்லாப் பிள்ளைகள் கைக்கும் போக வேண்டும்.

பசியைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1956-ல் காமராஜர் காலத்தில் மதிய உணவு வந்தது. 2022-ல் காலைச் சிற்றுண்டி வந்தது. மாலை ஐந்து மணிக்கு வகுப்புக்கு வருகிற பிள்ளை பகல் சாப்பாட்டோடு வந்து உட்காருகிறது. ஒரு கை சுண்டல் கொடுத்த நாளில் எத்தனை பிள்ளைகள் வந்தார்கள், கொடுக்காத நாளில் எத்தனை பேர் என்று வருகைப் பதிவைப் பாருங்கள். விவசாயத் தொழிலாளர் குடும்பங்கள் வீட்டுக்கு ஒரு படி பயறு கொடுத்தால் கொஞ்ச நாள் ஓடும். ஆனால் அதை ஏழைகள் தலையிலேயே கட்டக் கூடாது. சர்க்கார் கொடுக்க வேண்டும்.

வருகிற கிராமசபைக் கூட்டத்தில் சுண்டல், விளக்கு, கட்டிடம் மூன்றையும் தீர்மானமாக எழுதிக் கொண்டுபோங்கள். தாய்மார்களே முன்னால் நின்று வாசிக்கட்டும். கட்டிடம் பூட்டியிருக்கிறது, சாவி எங்களிடம் இல்லை என்று ஊராட்சி ஆபீஸில் சொல்வார்கள். அந்தச் சாவி யார் வீட்டு ஆணியில் தொங்குகிறது என்பதை அதற்குள் விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.