அடுப்பில் நின்றுபோன ரொட்டிகள்



பூமியில் பயணம் செய்து, முன்சென்றோரின் முடிவைக் கண்டு படிப்பினை பெறுமாறு திருமறை நம்மை அழைக்கிறது. இத்தாலியின் பொம்பெயி நகரைக் காணச் செல்வோர் அந்த அழைப்பை நினைவில் கொள்ளட்டும்.

கி.பி. 79இல் வெசுவியஸ் எரிமலை வெடித்து, அந்த ரோமானிய நகரைச் சாம்பலில் புதைத்தது. 1862இல் அகழ்ந்தபோது, ஒரு ரொட்டிக்கடையின் அடுப்பில் 81 ரொட்டிகள் கரியாகிக் கிடந்தன. மாண்டோரின் உடல்கள் மக்கிப்போய், இறுகிய சாம்பலில் அவர்களின் வடிவம் வெற்றிடமாக எஞ்சியிருந்தது. 1863இல் ஃபியோரெல்லி என்ற ஆய்வாளர் அவ்வெற்றிடங்களில் சாந்து ஊற்றி வார்த்தெடுத்தார். ஆடையின் மடிப்புகளும் அவ்வார்ப்புகளில் தெரிகின்றன.

"பாவிகள், அழிந்தார்கள்" என்று தீர்ப்புக் கூறிவிட்டு நகர்வது எளிது. அவர்களின் கணக்கு இறைவனிடம் இருக்கிறது. நம் கணக்கை நாம் பார்ப்போம். ரொட்டியை அடுப்பிலிட்டவர், சற்று நேரத்தில் எடுத்துவிடலாம் என்றுதானே எண்ணியிருப்பார்? நாமும் கடனை நாளை தீர்க்கலாம், பேசாதிருக்கும் உடன்பிறந்தாரிடம் நாளை பேசலாம் என்று தள்ளி வைக்கிறோம்.

இடிபாடுகளைப் படம் பிடித்து வருவதோடு பயணம் முடிந்துவிடாது. வீடு திரும்பியதும் ஒரு கடனைத் தீருங்கள். ஒரு பகையை முடியுங்கள். அதுவே அப்பயணத்தின் பலன். அதற்கு அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்புரிவானாக! ஆமீன்.