குடிப்பவர் மறுக்கிறார், வீடு மறைக்கிறது

குடிநோய்க்கு ஒரு விசித்திரம் உண்டு: நோய் முற்ற முற்ற, தனக்கு நோயே இல்லை என்று நோயாளி அடித்துப் பேசுவார். "அளவாத்தான் குடிக்கிறேன்." "என் காசுல குடிக்கிறேன்." "நினைச்சா நாளைக்கே விட்டுடுவேன்." தமிழ்நாட்டில் குடி புகுந்த வீடுகளுக்கு இந்த வசனங்கள் மனப்பாடம். இவற்றுக்கெல்லாம் மேலான சாட்சியாகச் சபரிமலை மாலை வந்து நிற்கும். "மாலை போட்டா ஒரு மண்டலம் தொடுறதில்லையே, அப்புறம் நான் எப்படி அடிமை?" என்ற கேள்விக்கு முன் பல மனைவியர் வாயடைத்துப் போகிறார்கள். ஆனால் குடிக்காமல் இருந்த நாள்களை மட்டும் எண்ணி மருத்துவர்கள் இந்த நோயைக் கணிப்பதில்லை. ஒரு வாய் குடித்தபின் நிறுத்த முடிகிறதா, கேடு கண்ணெதிரே தெரிந்தும் குடி தொடர்கிறதா என்று பார்க்கிறார்கள். மாலையைக் கழற்றிய அன்றே கடை வாசலில் நிற்பவர், அந்த மண்டலம் முழுக்க நாள் எண்ணிக்கொண்டிருந்தவர்தான்.

மறுப்பு முழுக்கப் பொய்யும் இல்லை. மிதமிஞ்சிக் குடித்த இரவில் மூளை நினைவைப் பதிவு செய்யாமலே போவதுண்டு. சாப்பாட்டுத் தட்டைத் தூக்கி எறிந்ததை மனைவி காலையில் சொல்லும்போது "நானா?" என்று அவர் விழிப்பது நடிப்பாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. போதையில் இருப்பவரிடம் சண்டை போட்டுப் பயனில்லாததற்கும் இது ஒரு காரணம்.

மறுப்பின் மறுபாதியை வீடு சுமக்கிறது. "அவருக்குக் காய்ச்சல்" என்று வேலையிடத்துக்குப் போன் செய்வது மனைவி. தெருவில் விழுந்து கிடந்தவரை அக்கம்பக்கம் எழும் முன் உள்ளே இழுத்துப் போட்டு, வாந்தியைக் கழுவி, லுங்கி மாற்றிவிடுவதும் அவள்தான். அவர் வாங்கிய கைமாற்றுக்கு அவளுடைய வளையல் அடகுக் கடைக்குப் போகிறது. விடிந்து எழுகிறவர் கண்ணில் முந்தின இரவின் தடயம் ஒன்றுகூடப் படுவதில்லை. முழுப் பூசணிக்காய் சோற்றில் மறைந்துவிட்டது. மானத்துக்கு அஞ்சிச் செய்யும் இந்த வேலைக்காக அவளைக் குறை சொல்வது அநியாயம். "அவ ஒழுங்கா இருந்தா அவன் ஏன் குடிக்கிறான்?" என்று புகுந்த வீடு கேட்பது அதைவிடப் பெரிய அநியாயம்.

மதுவுக்கு அடிமையானவர்கள் ஒருவருக்கொருவர் துணையாக நிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் 1935இல் அமெரிக்காவில் தொடங்கியது. அதை நிறுவியவர்களில் ஒருவரான பில் வில்சன் குடியை விட்ட பிறகும் அவர் மனைவி லோயிஸின் கோபம் தணியவில்லை. கூட்டத்துக்கு நேரமாகிவிடும் என்று அவசரப்படுத்திய கணவர்மேல் ஒருநாள் ஷூவை எடுத்து வீசினார். குடிப்பவரோடு சேர்ந்து வீடும் நோய்ப்பட்டிருக்கிறது என்று உணர்ந்த அவர், குடும்பத்தாருக்காக 1951இல் அல்-அனான் அமைப்பைத் தொடங்கினார். கணவரின் குடிக்கு மனைவி காரணமல்ல, அதைக் கட்டுப்படுத்துவதும் குணப்படுத்துவதும் அவள் கையில் இல்லை என்பதே அங்கே முதலில் கற்பிக்கப்படுவது. கேட்க வெறும் ஆறுதல் போலத் தோன்றினாலும், வருடக்கணக்கில் தன்னையே நொந்துகொண்டவளுக்கு இது பெரிய விடுதலை.

சென்னையில் இதே பாடத்தை வாழ்க்கையில் கற்றவர் சாந்தி ரங்கநாதன். கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த அவர், 1980இல் டி.டி.கே. மருத்துவமனையின் மறுவாழ்வுப் பணியைத் தொடங்கினார். குடும்பத்தாருக்கும் அங்கே தனியாகப் பயிற்சி உண்டு.

மனைவி எதுவுமே செய்ய முடியாது என்று இதற்கு அர்த்தமில்லை. உளவியலாளர் ராபர்ட் மேயர்ஸ் வகுத்த குடும்பப் பயிற்சி முறையை அமெரிக்காவில் சோதித்து 1999இல் முடிவுகளை வெளியிட்டார்கள். சிகிச்சைக்கே வரமாட்டேன் என்றவர்களில் 64 சதவீதம் பேர் அதன்மூலம் வந்தார்கள். உறவினர் கூடி நேருக்கு நேர் இடித்துரைக்கும் முறையில் வந்தவர்கள் 30 சதவீதமே. மேயர்ஸின் பயிற்சியில் மந்திரம் ஏதுமில்லை. தெளிந்திருக்கும் வேளையில் சுருக்கமாகப் பேசுவது, குடிக்காத மாலையை இனிமையாக்குவது, குடித்து வந்தால் வாக்குவாதமின்றி விலகிவிடுவது, அலுவலகத்துக்குப் பொய் சொல்ல மறுப்பது, "போகலாம்" என்று அவர் சொல்லும் அன்றே அழைத்துப்போக மருத்துவமனையை விசாரித்து வைத்திருப்பது.

செய்யக் கூடாதவை இரண்டு. கணவருக்குத் தெரியாமல் சாம்பாரில் கலந்து கொடுக்கும் மருந்து முதலாவது. இப்படிக் கலக்கப்படும் டைசல்ஃபிரம் மாத்திரையை உட்கொண்டவர் அதன்மேல் குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, ரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகலாம். நோயாளி அறிந்து, சம்மதித்து, மருத்துவர் கண்காணிப்பில் உட்கொள்ள வேண்டிய மருந்து அது. தினமும் அதிகம் குடிப்பவரை வீட்டில் பூட்டி வைத்து ஒரேயடியாக நிறுத்துவது இரண்டாவது. சில மணி நேரத்தில் கை நடுங்கும், வியர்க்கும். இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். அடுத்து வரும் சித்தப்பிரமையில் மரணமும் நேரலாம். மாலை போட்ட கையோடு நிறுத்துகிறவருக்கும் இந்த ஆபத்து உண்டு.

அடி விழும் வீட்டில் பொறுமைப் பயிற்சிக்கு இடமில்லை, முதலில் பாதுகாப்பு. குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், 2005 பாதுகாப்பு ஆணை பெறவும் அதே வீட்டில் தொடர்ந்து குடியிருக்கவும் மனைவிக்கு வழி தருகிறது. பெண்களுக்கான உதவி எண் 181 இருக்கிறது. போதை மீட்பு ஆலோசனைக்கான கட்டணமில்லா எண் 14446. குடிப்பவர் சம்மதிக்கும்வரை காத்திராமல் குடும்பத்தாரே அதை அழைக்கலாம்.