வலியில்லாத கட்டி

உடம்பில் எங்கேனும் வலி கண்டால்தான் நாம் வைத்தியரை நினைக்கிறோம். வலியில்லாத இடத்தை ஆரோக்கியமான இடமென்றே எண்ணிவிடுகிறோம். ஒரு நோயின் விஷயத்தில் இந்த எண்ணம் உயிருக்கே உலை வைத்துவிடுகிறது. மார்பகப் புற்றுநோயைத்தான் சொல்கிறோம். ஆரம்பத்தில் அது பெரும்பாலும் நோவில்லாத, கெட்டியான சிறு கட்டியாகவே தோன்றுகிறது.

பெங்களூரில் 1973ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற கித்வாய் நினைவுப் புற்றுநோய் நிலையத்தில், 1982 முதல் இந்நகரவாசிகளுக்கு உண்டாகும் புற்றுநோய்களைப் பதிவேட்டில் குறித்து வருகிறார்கள். தொடக்க ஆண்டுகளில் பெண்களிடையே கருப்பைவாய்ப் புற்றுநோயே மிகுந்திருந்தது. பின்னர் அது குறைந்துவர, மார்பகப் புற்றுநோய் பெருகி முதலிடம் பெற்றது.

காலங்கடந்த முதற்பேறு, பாலூட்டும் காலம் குறைதல், மாதவிடாய் நின்றபின் உடற்பருமன் ஆகியவை இந்நோய்க்கு இடந்தருவன என்பர். இதைக் கேட்டவுடன் படித்து உத்தியோகம் பார்க்கும் பெண்களைக் குறைகூறப் புறப்படுவோரும் உண்டு. அது நியாயமன்று. பல மக்களைப் பெற்றுப் பாலூட்டிய மூதாட்டியரையும் இந்நோய் விட்டதில்லை. தாய்க்கோ தமக்கைக்கோ இருந்தால் அதிக எச்சரிக்கை தேவை; ஆனால், குடும்பத்தில் எவருக்கும் இல்லாதவர்களே நோயாளிகளுள் பெரும்பாலோர்.

நாணம் மற்றொரு தடை. மார்பில் கட்டி என்று சொல்லக் கூசி, ‘நெஞ்சில் என்னவோ போலிருக்கிறது’ என்பார்கள். வைத்தியர் இருதயத்தைச் சோதித்து அனுப்பிவிடுவார். காவியங்களில் கவிகள் கூசாது வருணித்த அங்கத்தை வைத்தியரிடம் பெயர் சொல்லத் தயங்குவது விந்தையே.

பம்பாயில், அதாவது இன்றைய மும்பையில், டாட்டா நினைவு ஆஸ்பத்திரியினர் சுமார் 1,50,000 பெண்களிடையே நடத்திய ஆராய்ச்சியின் 20 ஆண்டு முடிவு 2021இல் வெளிவந்தது. எக்ஸ்ரே யந்திரம் ஏதுமின்றி, பயிற்சி பெற்ற பெண் ஊழியர்கள் இரண்டாண்டுக்கொரு முறை கைகளால் தடவிப் பார்த்தார்கள். நோய் முன்கூட்டியே புலப்பட்டது. 50 வயதுக்கு மேற்பட்டோரிடையே இந்நோயால் நேரும் மரணம் ஏறக்குறைய நூற்றுக்கு முப்பது பங்கு குறைந்தது.

கட்டி மட்டுமன்று, தோலில் குழி விழுதல், காம்பு புதிதாக உள்ளிழுத்துக்கொள்ளுதல், இரத்தக் கசிவு, அக்குளில் முடிச்சு ஆகியவையும் அறிகுறிகளே. இவற்றைக் கண்டபின் பற்றுப் போட்டுப் பார்ப்பதும், மகளின் கல்யாணம் முடியட்டும் என்று தள்ளிப்போடுவதும் நம் வீடுகளில் நடப்பவை. கட்டிகளிற் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. எது எதுவென்று கையால் மட்டும் நிச்சயிக்க இயலாது. ஊசியால் சிறிது திசு எடுத்துச் சோதிக்க வேண்டும். ஊசி போடுவதற்கு ஆகும் நேரம் சில நிமிஷங்களே.